வாணம் தோண்டுமுன்

வீடு கட்டப் புகுவோன் முதலில் செய்வது மண்ணைத் தோண்டுவதுதான். இதனை வாணம் தோண்டுதல் என்பர். மனை அவனுடையது, பத்திரம் அவன் பெயரில் இருக்கிறது, தீர்வையும் அவனே கட்டுகிறான். ஆகவே மண்வெட்டி அள்ளிப் போடும் மண்ணும் தன்னுடையதே என அவன் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் நான்கைந்து அடி இறங்கியதும் ஒரு தாழியின் விளிம்போ, உறைகிணற்றின் சுடுமண் வளையமோ தென்பட்டால், அப்பொருள் எவருடையது? மனைக்காரனுடையதா, அரசினுடையதா, ஊராருடையதா, அல்லது அதைச் செய்து வைத்துவிட்டுப் பெயரும் சொல்லாமல் போய்விட்ட அந்த மனிதருடையதா? சட்டம் இதற்கொரு விடை கூறும். அவ்விடை போதுமானதுதானா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது கற்பனைக் கேள்வியன்று. செட்டிநாட்டு ஊர்கள் பல அடங்கிய இதே சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், திருப்புவனம் வட்டத்தில் இருக்கிறது கீழடி. 1970களில் அங்கே கிணறு வெட்டியபோது கிடைத்த பழம்பொருள்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்ட, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றின் அருமையை உணர்ந்து அறிந்தோரிடம் சேர்ப்பித்தார். அதன்பின் நெடுங்காலம் அந்த மண் தன்பாட்டில் கிடந்தது. 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரையோரமாக ஆராய்ந்து 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடலைத் தேர்ந்து, 2014-15இல் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் தோண்டத் தொடங்கினர். 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அப்பணியை ஏற்றது. செங்கற் சுவர்கள், உறைகிணறுகள், வடிகால்கள், நூல் நூற்கும் தக்களிகள், விளையாட்டுக் காய்கள், 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்திற் கீறப்பட்ட பானை ஓடுகள் எனப் பலவும் வெளிவந்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி மாதிரி ஒன்று கி.மு. 580ஆம் ஆண்டளவினது என ஆய்வில் தெரிந்ததாக 2019இல் வெளியான அறிக்கை கூறியது.

இவ்வளவும் எதனால் நமக்குக் கிட்டின? அந்த 110 ஏக்கர் மேடு தென்னந்தோப்பாக இருந்ததனால் கிட்டின. தென்னையின் வேர் அடுக்குகளைக் கொஞ்சம் குலைத்திருக்கும், அவ்வளவே. தோப்பு இருந்த இடத்தில் மனைப்பிரிவுக் கற்கள் முந்திக்கொண்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும். இராமேசுவரம் சாலையில் மதுரை வளர்ந்துவரும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

கீழடியாவது தோப்பு. மதுரை மாநகரம் அப்படியன்று. மக்கள் இடையறாது வாழ்ந்துவரும் நகரில் எவரும் கடைவீதியைப் பெயர்த்து ஆராய்ச்சி செய்ய இயலாது, செய்யவும் கூடாது. அத்தகைய நகரின் அடியில் என்ன இருக்கிறதென்று அறிவதற்கு இயற்கையாக அமையும் வாய்ப்பு ஒன்றே ஒன்று. பழைய கட்டடம் இடிக்கப்பட்டுப் புதியது எழுவதற்கு முன்னுள்ள சில நாட்கள் அவை. அந்த நாட்களில் இரண்டோ மூன்றோ சோதனைக் குழிகள் இட்டுப் பார்த்தால் போதும். இருப்பதும் இல்லாததும் தெரிந்துவிடும். தூண்களுக்காகக் காங்கிரீட் கொட்டிவிட்டால் அதன்பின் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் 2010இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்றும் கூறுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற சின்னத்துக்குத்தான் இந்தக் காவல். கண்ணுக்குத் தெரியாததற்கு, அதாவது இன்னும் தோண்டப்படாத மண்ணுக்கு, வீடு கட்டுமுன் சோதித்துப் பார் என்று கட்டளையிடும் பொதுவிதி நம்மிடம் இல்லை.

இன்னொரு சட்டம் உண்டு. 1878இல் வெள்ளையர் இயற்றிய புதையல் சட்டம். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. பத்து ரூபாய் என்ற அந்தக் கணக்கைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். ஒரு பொற்காசு இச்சட்டத்துள் அடங்கும். 'ஆதன்' என்ற பெயர் கீறிய பானை ஓடு அடங்குமா? சந்தையில் அதை யார் பத்து ரூபாய் கொடுத்து வாங்குவார்? ஆயினும் இந்த நாட்டில் எழுத்தறிவு எவ்வளவு பழைமையானது, அது அரண்மனையில் மட்டும் இருந்ததா, பானை வனைந்தவன் வீட்டிலும் இருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியது அந்த ஓடேயன்றிப் பொற்காசன்று. அதுவும் எந்த அடுக்கில், எதன் அருகே, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது தெரிந்தால் மட்டுமே அது பேசும். கையில் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அது வெறும் ஓடுதான்.

மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டினால் இவ்விஷயத்தில் இரண்டு வகைகளைக் காண்கிறோம். முன்னோர் காலத்துப் புதையலை 'ரிகாஸ்' என்பர். அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு உரியது. பிறர் தவறவிட்ட பொருளை 'லுக்தா' என்பர்; அதனைக் கண்டெடுத்தவர் ஓராண்டுக் காலம் மக்கள் கூடுமிடங்களில் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். பானை ஓடு இவ்விரண்டில் எதனுள் அடங்கும் என்று வாதிடுவது என் நோக்கமன்று; அதற்குரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. லுக்தாவின் விதியில் கண்டெடுத்தவனின் முதற்கடமை பொருளை இழப்பதன்று, அறிவிப்பது. அது எவருக்குச் சேரும் என்ற வழக்கு பிறகுதான் வருகிறது. மண்ணுக்குள் இருப்பதும் ஒருவகையில் நம்மிடம் வந்து சேர்ந்த அமானிதமே. ஒப்படைத்தவர் இறந்துவிட்டார், பெற வேண்டியவர் இன்னும் பிறக்கவில்லை. இடையில் இருக்கும் நாம் அறிவிக்காமல் மூடிவிட்டால், இருவரும் அதனை அறியவே மாட்டார்கள்.

ஆனால் அறிவித்தவனின் கதி என்ன? இங்கேதான் விஷயம் கடினமாகிறது. வளைகுடா நாட்டில் பதினைந்து ஆண்டு உழைத்த ஒருவர், ஊரில் மூன்று சென்ட் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாற்பது நாள். மகளின் திருமணம் அந்த வீட்டில் நடக்கவேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. வாணம் தோண்டும்போது ஒரு தாழி தட்டுப்படுகிறது. "பேசாமல் மூடிவிடுங்கள் பாய், ஆபீசர்கள் வந்தால் வேலை நின்றுவிடும்" என்கிறார் கொத்தனார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. மூடியவனுக்கு வீடு கிடைக்கிறது. அறிவித்தவனுக்கு அலைச்சல் கிடைக்கிறது. நாடு முழுவதற்கும் உரிய செல்வத்தைக் காக்கும் செலவை ஒரே ஒரு மனிதனின் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, அவன் நேர்மையாக இல்லையே என்று நாம் குறைகூறுகிறோம். அவன் மூடியது தவறே. ஆனால் அத்தவற்றை அவனிடம் விலைகொடுத்து வாங்கியவர்கள் நாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆங்கில நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1989இல் இலண்டனில் அலுவலகக் கட்டடம் எழுப்பத் தோண்டியபோது சேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டுப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டே, 1990இல், புதிய வழிகாட்டுதல் வந்தது. அனுமதி கேட்கும்போதே சோதனைக் குழி இட்டுப் பார்க்கும்படி கோரலாம். அதன் செலவு கட்டுபவருடையது. பெரிய நிறுவனங்களுக்கு இது பொருந்தும். மூன்று சென்ட் மனைக்காரருக்குப் பொருந்துமா? பொருந்தாது. வணிக வளாகம் கட்டுவோரிடம் செலவை வாங்கட்டும். சிறு வீட்டுக்கு அரசே செலவையும் நாட்கணக்கையும் ஏற்கட்டும். இத்தனை நாளுக்குள் வந்து பார்த்து முடிப்போம், முடியாவிட்டால் நீ கட்டிக்கொள்ளலாம் என்று எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். அவ்வுறுதி இல்லாத சட்டம் மறைப்பவர்களையே உண்டாக்கும் என்பது என் கருத்து. பெரும்பாலான மனைகளில் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் பெரும்பாலும் பதிவு செய்துகொண்டு கட்ட விட்டுவிடலாம். அறிந்துகொள்ளும் உரிமை வேறு, தடுக்கும் உரிமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதனாலேயே மக்கள் தொல்லியலாரைக் கண்டு அஞ்சுகின்றனர்.

இஸ்தான்புல் நகரத்தில் நடந்ததை வாசகர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். கடலுக்கடியில் செல்லும் இரயில் பாதைக்காக யெனிகாப்பி என்னுமிடத்தில் 2004இல் தோண்டத் தொடங்கியபோது, மண்மூடிப்போன பழைய துறைமுகம் ஒன்று கண்டறியப்பட்டது. 37 மரக்கலங்கள் அங்கே கிடந்தன. அதற்கும் கீழே ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்களின் காலடித் தடங்கள்! பாதை திறக்கப் பல ஆண்டுகள் தாமதமாயின. பானை சட்டிகளுக்காகவா மக்களின் பயணம் நிற்கவேண்டும் என்று அன்றைய பிரதமர் எர்துகான் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அவருடைய சலிப்பை எள்ளி நகையாட நான் துணியமாட்டேன். நாள்தோறும் நெரிசலில் பாலத்தைக் கடக்கும் பல இலட்சம் மக்களின் சிரமமும் ஒரு மெய்ப்பொருளே. ஆயினும் 2013 அக்டோபர் 29இல் இரயில் ஓடிற்று, கப்பல்களும் அழியவில்லை. இரண்டுக்கும் இடமிருந்தது.

எகிப்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அமைத்த ஃபுஸ்தாத் நகரத்தின் வரலாறும் இத்தகையதே. கெய்ரோவின் புறத்தே குப்பை மேடாகக் கிடந்த அந்நிலத்தில் குடியிருப்புகள் கட்டும் திட்டம் எழுந்த நிலையில்தான் 1964இல் ஜார்ஜ் ஸ்கான்லன் தலைமையில் ஆய்வு தொடங்கியது. அங்கே அதிகம் பேசியவை அரண்மனைகளல்ல, கழிவுக் குழிகள்தாம். உடைந்ததென்று வீட்டார் எறிந்த சீனக் கிண்ணங்களின் துண்டுகள் அவற்றில் இருந்தன. குசராத்தில் அச்சிட்ட பருத்தித் துணிகளும் ஃபுஸ்தாதிலிருந்து கிடைத்திருக்கின்றன. எழுதப்பட்ட வரலாறு கலீபாக்களைப் பற்றிச் சொன்னது. அடுப்படியைப் பற்றி இந்தக் குழிகள் சொல்லின.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். 2002இல் புனித மக்காவில், துருக்கியர் ஆட்சிக்காலத்தில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டு, அது நின்ற குன்றும் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று கடிகாரக் கோபுர மாளிகைகள் நிற்கின்றன. துருக்கி அரசு அன்று கடுமையாகக் கண்டித்தது. ஹாஜிகளின் தொகை ஆண்டுக்காண்டு பெருகுவதும் அவர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருப்பதும் பொய்யல்ல. பழைய கல்லுக்கு மரியாதை செய்யப் புகுந்து மக்கள் அதனை வணங்கத் தலைப்படுவார்களோ என்ற அச்சமும் நம் சமுதாயத்தில் நேர்மையாகவே எழுந்த அச்சந்தான். ஆனால் கோட்டையைப் போய் யார் வணங்குவார்? நினைவுகூர்தல் வேறு, வழிபாடு வேறு. ஆதுக் கூட்டத்தாரும் தமூதுக் கூட்டத்தாரும் வாழ்ந்து அழிந்த கதையைத் திருமறை நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும், பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்க்கும்படி ஏவுவதும், பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தால்தானே பொருள் தரும்?

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தோண்டுபவர்கள் எல்லாம் புண்ணியவான்கள், கட்டுபவர்கள் எல்லாம் பாவிகள் என்று நான் கருதவில்லை. அகழ்வதே ஓர் அழிவுதான். படித்த பக்கத்தை உடனே எரித்துக்கொண்டே படிக்கவேண்டிய ஏடு போன்றது மண்ணடுக்கு. ஒருமுறை கலைத்தால் மீண்டும் அடுக்க முடியாது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது, கரியைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறை உலகில் இல்லை. அது பிறந்ததே 1949இல்தான். அவர் எறிந்த கரித்துண்டில் என்ன செய்தி இருந்ததோ! அதே ஆதிச்சநல்லூரில் 2004-05இல் மீண்டும் தோண்டியவர்களின் முழு அறிக்கைக்காகத் தமிழர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. கீழடியின் முதலிரு கட்டங்களைப் பற்றி 2023இல் அளிக்கப்பட்ட 982 பக்க அறிக்கை, திருத்தம் வேண்டும் என்று 2025இல் திருப்பி அனுப்பப்பட்டதையும் அறிவோம். அதன் உள்வழக்குகள் நமக்கு வேண்டா. ஆனால் ஏழை மனைக்காரனிடம் "அறிவி" என்று கேட்கிற உரிமை, தான் கண்டதை உரிய காலத்தில் அறிவிக்கிற துறைக்கே உண்டு.

மையித்துகளைப் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. கீழடிக்கு அருகேயுள்ள கொந்தகை, அப்பழைய மக்களின் இடுகாடு. 2020 முதல் அங்கே முதுமக்கள் தாழிகள் திறக்கப்பட்டன. அங்குக் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இரண்டு ஆண்களின் முகங்கள் 2025இல் வெளியிடப்பட்டன. அம்முகங்களைப் பத்திரிகையில் கண்டபோது நம்மில் எத்தனையோ பேருக்கு, ஊரில் எங்கோ பார்த்த முகம்போல் தோன்றியிருக்கும். வியப்போடு ஒரு கூச்சமும் எழுகிறது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம் கபுறுஸ்தானில் ஒரு கபுறைக் காரணமின்றித் தோண்ட நாம் ஒப்புவோமா? இறந்தவரின் எலும்புக்கும் உயிரோடிருப்பவரின் எலும்புக்கும் ஒரே கண்ணியத்தை அளிப்பது நம் நெறி. அக்கண்ணியம் நம் கபுறுக்கு மட்டும், பிறர் தாழிக்கு இல்லை என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆகவே இடுகாட்டை அறிவுப்பசிக்காக மட்டும் திறப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. கட்டடம் வந்து நசுக்கப்போகிறது என்றால் திறந்து, எடுத்து, கண்ணியமாக வைக்கட்டும். அந்த நெருக்கடி இல்லாத இடத்தில் சில தாழிகளோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை மண்ணிலேயே விட்டுவைப்பது நன்று. அவற்றைக் குலைக்காமலே அறியும் கருவிகள் நாளை வரக்கூடும்.

செட்டிநாட்டில் இதே கேள்வி மண்ணுக்கு மேலேயே நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மாத் தேக்கும் முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கற்களுமாக எழுந்த மாளிகைகள், பங்காளிகள் பெருகிப் பராமரிக்க ஆளின்றிப் பிரித்து விற்கப்படுகின்றன. தூணும் கதவு நிலையும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014இல் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. அதனால் விற்பனை நின்றுவிடவில்லை. கடையில் நிற்கும் தூண், அடுக்கிலிருந்து பிடுங்கிய ஓட்டைப் போன்றது. அழகு இருக்கும், வீட்டின் கதை இருக்காது. 2023 மார்ச் 5இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பானைகளுக்குப் புதிய செட்டிநாட்டு வீடு கிடைத்தது. நூறாண்டுச் செட்டிநாட்டு வீடுகள் இதே மாவட்டத்தில் பிரிந்துகொண்டிருக்கின்றன.

நாமும் வெளியே நின்று பேசுவோர் அல்லர். கீழைக்கரைக்கு அருகே பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டிய குழிகளில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. இப்னு பதூதா குறிப்பிடும் ஃபத்தன் துறைமுகம் இவ்வூரே என்று கருதும் அறிஞரும் உளர். அத்தகைய கடற்கரை ஊர்களில் எத்தனை பழைய கல்பள்ளிகள் இடிக்கப்பட்டு, இடம் போதவில்லை என்ற நியாயமான காரணத்துக்காகவே, காங்கிரீட் பள்ளிகள் எழுந்திருக்கின்றன! பள்ளி பெரிதாகட்டும், தொழுகைக்கு வருவோர் வெயிலில் நிற்கக் கூடாது. ஆனால் இடிக்குமுன் தூண்களில் உள்ள எழுத்தைப் படியெடுத்தோமா? மீஸான் கற்களைப் பெயர்த்தபோது எந்தக் கல் எந்தக் கபுறுக்கு உரியதென்று எழுதி வைத்தோமா? பழைய ஹவுளின் அடியில் கடைகால் தோண்டியபோது வந்த ஓடுகளை லாரியில் ஏற்றியது யார், எங்கே கொட்டினார்கள்? அடுத்த புதுப்பிப்புக்கு வரவு செலவு போடும் ஜமாஅத்தார், சிமெண்டுக்கும் கம்பிக்கும் முன்னால் மூன்று நாள் கூலியையும் ஒரு புகைப்படக்காரரின் சம்பளத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு கடிதமும் போடலாம்.